மணிக்கூட்டுக்காரரும் பெருவிரலும்

தூண்டில் போடுவது பொறுமை வேண்டும் தொழில் என்பது நம்மவர் வழக்கு. குளக்கட்டில் அமர்ந்து, புழுவைக் கோத்த முள்ளை நீரில் விட்டு, மிதப்புக்கட்டை அமிழும்வரை பார்த்திருப்பவனுக்கு அக்கூற்றுப் பொருந்தும். ஆயின், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பாஸ் என்னும் மீனைத் தேடிச் செல்பவன் காத்திருப்பவன் அல்லன், எறிபவன். அரை அவுன்ஸ் நிறையுள்ள ஒரு பொய்யிரையை, 80 அல்லது 100 அடி தொலைவில் நீரிற் சாய்ந்து கிடக்கும் ஒரு மரக்கொம்பின் அருகே, கொம்பிற் சிக்காமலும் அதிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் விலகாமலும் விழச் செய்தல் அவன் தொழில். விழுந்ததைச் சுற்றி இழுத்துவிட்டு மீண்டும் எறிவான். ஒரு நாளில் இவ்வாறு பல நூறு முறை எறிவான்.

இதற்கு அவன் கைக்கொள்ளும் கருவி இரைவீச்சு றீல் எனப்படும். தூண்டிற்கோலின் மேற்புறத்தில் அமர்த்தப்பட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் இச்சிறு பொறியின் வரலாறு ஏறத்தாழ இரு நூற்றாண்டு கொண்டது. அவ்வரலாற்றின் முக்கியமான திருப்பங்களில் மீன்பிடிகாரர் நிற்கக் காணோம். மணிக்கூட்டுத் தொழிலாளரே நிற்கின்றனர். அவர்கள் எல்லோரும் போராடிய பகையும் ஒன்றே. அஃது இன்னதென்று முதலில் அறிந்துகொண்டாற்றான் ஏனையவை விளங்கும்.

உருளையிற் கயிறு சுற்றிக் கிணற்றில் வாளியிறக்கும் இடங்களில், கைப்பிடியை முற்றாக விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பர். வாளி நீரைத் தொட்டு நின்ற பின்பும் உருளை நில்லாது சுழலும்; கயிறு தளர்ந்து குவியும். இரைவீச்சு றீலில் நிகழ்வதும் அதுவே. கோலை வீசியதும் பொய்யிரை பறக்கிறது. அது நூலை இழுக்கிறது. நூல் உருளையைச் சுழற்றுகிறது. காற்றுத் தடுக்க, இரையின் வேகம் கணந்தோறும் குறையும். உருளையைத் தடுப்பாரில்லை, தன் சடத்துவத்தால் அது முன்போலவே சுழன்றுகொண்டிருக்கும். எனவே, இரை வாங்கிக்கொள்வதிலும் அதிகமான நூலை உருளை விட்டுவிடுகிறது. அம்மிகுதி நூல் உருளைமேற் புடைத்தெழுந்து, வளையம் வளையமாக ஒன்றையொன்று பின்னி, ஈற்றில் உருளையையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இச்சிக்கை அமெரிக்கர் பறவைக்கூடு என்பர். ஒரு முறை பார்த்தவர் அப்பெயரை மறுக்கமாட்டார். கண் இமைக்கும் நேரத்தில் உண்டான அக்கூட்டைப் பிரித்தெடுக்க அரை மணி நேரம் செல்லலாம். சில வேளைகளிற் கத்தியே துணை.

இதற்கு மருந்து பெருவிரல். சுழலும் உருளையின்மேற் பெருவிரலை மெல்ல வைத்து, இரையின் வேகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு உருளையின் வேகத்தையும் குறைத்தல் வேண்டும். சொல்லுதற்கு எளிது. அழுத்தம் மிகுந்தால் இரை பாதி வழியிலேயே விழுந்துவிடும், குறைந்தாற் பறவைக்கூடு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை, இரை பறக்கும் ஓரிரு வினாடிக்குள், மூளையைக் கேளாமலே விரல் அறிந்து செய்தல் வேண்டும். இருநூறு ஆண்டுகளாகப் பொறிவல்லார் செய்த முயற்சிகளைச் சுருக்கிக் கூறின், இவ்வொரு விரலின் வேலையை உலோகத்திடம் ஒப்படைக்க முயன்றனர் என்று கூறலாம்.

இனி, மீனைப் பற்றிச் சிறிது. பாஸ் என்ற பெயரைக் கொண்டு இதனைக் கடல் மீன் எனக் கொள்ளவேண்டா. இது வட அமெரிக்காவின் நன்னீர் மீன்; சூரியமீன் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் என இதன் இரு வகைகள் புகழ் பெற்றவை. மறைந்திருந்து பாய்வது இதன் இயல்பு. நீர்ப்பாசி, வீழ்ந்த மரம், பாறை நிழல் ஆகியவற்றில் ஒதுங்கிநின்று, அருகே வரும் சிறுமீனையோ தவளையையோ ஒரே பாய்ச்சலில் விழுங்கும். ஆதலாற்றான் எறிபவனுக்குக் குறி தவறாமை இன்றியமையாததாயிற்று. 1802ஆம் ஆண்டிற் பிரான்சிய இயற்கைநூல் அறிஞர் லாசெபேட் சிறுவாய்ப் பாஸுக்கு அறிவியற் பெயரிட்டபோது, அவர் முன்னிருந்த மீனின் முதுகுச் செட்டை சிதைந்திருந்தது. பிய்ந்து நின்ற பகுதியைத் தனியொரு சிறு செட்டையெனக் கருதி, சிறு செட்டையுடையது என்று பொருள்படும் மைக்ரோப்டெரஸ் என்னும் பெயரை இனத்துக்கே சூட்டிவிட்டார். பிழை வெளிப்பட்ட பின்பும் பெயர் மாறவில்லை. மாணவர் செய்யும் பிழைக்கு ஒரு புள்ளி குறைகிறது. அறிஞர் செய்யும் பிழை பாடமாகிவிடுகிறது.

லாசெபேட் பணியாற்றியது பாரிஸ் மாநகரில். றீலின் கதை தொடங்குவதும் பாரிஸிலேதான். ஆனால், அது வேறொரு பாரிஸ்.

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்திலே பாரிஸ் என்றொரு சிற்றூர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே ஜோர்ஜ் ஸ்னைடர் என்பவர் மணிக்கூடு திருத்தியும் வெள்ளி வேலை செய்தும் வாழ்ந்தார். தமக்கும் தம் நண்பர்க்குமாக அவர் சில றீல்களைச் செய்தார். முதலாவதைச் செய்தது 1810ஆம் ஆண்டளவில் என்பாரும், அதற்குப் பத்தாண்டு பின்னர் என்பாரும் உளர். கைப்பிடியை ஒரு முறை திருப்பினால் உருளை பல முறை சுழலும் றீல் அதற்கு முன்னரே உலகில் இருந்தது. இலண்டனில் ஒனெசிமஸ் அஸ்டன்சன் என்னும் வணிகர் 18ஆம் நூற்றாண்டிலேயே அத்தகையவற்றை விற்றார். ஆயின், அவை விட்ட நூலை விரைவாக மீட்டுச் சுற்றுவதற்கு எழுந்தவை. ஸ்னைடர் எண்ணியது வேறு. நூல் வெளியே ஓடும்போதும் உருளை தங்குதடையின்றிச் சுழலுமாயின், றீலிலிருந்தே நேராக இரையை எறியலாம் அன்றோ? மணிக்கூட்டுக்குள் இருக்கும் பற்சில்லுகளையும் அச்சுமுனைகளையும் நாள்தோறும் கையாண்டவர்க்கு உராய்வைக் குறைக்கும் வகை தெரிந்திருந்தது. மணிக்கூட்டிற் கற்றதை மீன்பிடியில் வைத்தார். கைப்பிடி ஒரு சுற்று, உருளை நான்கு சுற்று என்ற விகிதம் கெண்டக்கி றீல்களின் அடையாளமாயிற்று.

ஸ்னைடரின் கைவண்ணம் பிராங்போட் நகருக்குச் சென்ற வகையைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அந்நகரின் நீதவான் மேசன் பிரௌண் என்பவரிடம் ஸ்னைடர் செய்த றீல் ஒன்று இருந்ததாம். அது கைதவறிப் போகவே, அதுபோல் இன்னொன்று செய்து தருமாறு ஜோனதன் மீக் என்ற மணிக்கூட்டுக்காரரிடம் கேட்டாராம். 1830களில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் இதிலிருந்து மீக் உடன்பிறந்தாரின் புகழ் தொடங்குகிறது. ஜோனதனின் தம்பி பெஞ்சமின் மீக்கும், அவர்களிடம் தொழில் பயின்ற பெஞ்சமின் மைலம் என்பவரும் அக்கலையை இன்னொரு தலைமுறைக்குக் கொண்டு சென்றனர். பித்தளையிலும், செம்பு, நாகம், நிக்கல் கலந்த ஜேர்மன் வெள்ளியிலும் ஒவ்வொரு றீலையும் தனித்தனியே கையாற் செய்தனர். ஒவ்வொரு திருகாணிக்கும் அதற்குரிய துளைக்கும் ஒரே எண்ணைப் பொறித்தனர். ஒன்றன் ஆணி மற்றொன்றிற் செல்லாத அளவுக்கு நுட்பம்! விரலாற் சுண்டிவிட்டால் இப்பொறிகளின் உருளை நெடுநேரம் ஓசையின்றிச் சுழன்றுகொண்டிருக்கும்.

இவை எளியோர் வாங்கும் பொருள்களாக இருந்ததில்லை. வாங்கியோர் நீதவான்கள், வழக்கறிஞர்கள், பெருநிலக்காரர்கள். அக்காலக் கெண்டக்கி அடிமை முறை நிலவிய மாநிலம் என்பதை மறந்துவிடலாகாது. சணலும் புகையிலையும் விளைந்த அப்பண்ணைகளிற் பகல் முழுவதும் குனிந்துநின்றோர் வேறு; ஆற்றங்கரையிற் கோலுடன் நின்றோர் வேறு. றீலின் அழகைப் போற்றும் நூல்கள் பல இதனைச் சொல்லாமற் கடந்து செல்கின்றன.

இரைவீச்சைக் கற்கத்தக்க கலையாக நூல்வழி பரப்பியவர் மருத்துவரான ஜேம்ஸ் ஹென்ஷல். 1881ஆம் ஆண்டிற் பாஸ் மீனுக்கென்றே ஒரு நூலை வெளியிட்டார். அக்காலத்திற் கனவான்களுக்குரிய மீன் எனப்பட்டவை சமனும் ட்றவுட்டுமே. பாஸ் நாட்டுப்புறத்து மீன் என இகழப்பட்டது. ஹென்ஷல் அம்மதிப்பீட்டைத் தலைகீழாக்கினார். அளவுக்கு அளவு ஒப்பிட்டால் இம்மீனின் போராட்டத்துக்கு நிகரில்லை என வாதிட்டார். அதுவரை பாஸ் பிடித்தவர் கையாண்ட கோல்கள் மிக நீண்டவை. அவர் 8 அடி 3 அங்குல நீளக் கோலொன்றை வகுத்துத் தந்தார். பிற்காலத்திற் கோல் 6 அடியாகவும் அதனிலும் குறைவாகவும் சுருங்கிற்று. பக்கவாட்டில் எறிதல் போய்த் தலைக்கு மேலாக எறிதல் வந்தது. கோல் சுருங்கச் சுருங்கக் குறி கூர்மையடைந்தது. பெருவிரலின் பாடமோ கடினமாயிற்று.

எவ்வளவு கடினம் என்பதை உணர அக்காலப் பொறியின் அமைப்பை நினைத்துப் பார்க்கவேண்டும். பற்சில்லுகள் எப்போதும் பிணைந்தே இருந்தமையால், நூல் ஓடும்போது கைப்பிடியும் பின்னோக்கிச் சுழலும். தடுப்பு எதுவும் இல்லை. நூலைச் சமமாகப் பரப்பும் பொறியும் இல்லை. மீட்டுச் சுற்றும்போது இடக்கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நூலைப் பிடித்து இருபுறமும் நகர்த்தித் தாமே பரப்பவேண்டும். ஒருபுறம் குவிந்துவிட்டால் அடுத்த வீச்சிற் சிக்கு உறுதி. நூல் பட்டால் ஆனது. மாலையில் உருளையிலிருந்து முழுவதும் எடுத்து உலர்த்தாவிடில் உக்கிப்போகும். ஓடும் பட்டு நூல் தோலைச் சுடும் என்பதாற் பெருவிரலுக்கு உறை மாட்டிக்கொண்டாரும் உண்டு. இவ்வளவுக்கும் நடுவே கற்றவர்கள் கற்றார்கள்.

இரையிலும் மாற்றம் வந்தது. மிச்சிகன் மாநிலத்து டவாஜியக் என்னும் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்ற தேனீ வளர்ப்பாளர் இருந்தார். ஒரு நாள் மரத்துண்டொன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தவர் அதனை மில் குளத்தில் எறிய, பாஸ் ஒன்று பாய்ந்து அதனை மேலே தூக்கியடித்ததாம். அதிலிருந்தே மரப் பொய்யிரை செய்யும் எண்ணம் பிறந்தது என்பது அவ்வூரார் போற்றும் கதை. எண்ணம் எவ்வாறு பிறந்ததாயினும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெடனின் மரத் தவளைகளும் மர மீன்களும் பெருந்தொழிலாகிவிட்டன. உயிர்ச் சிறுமீன் வேகமாக எறிந்தால் முள்ளிலிருந்து கழன்றுபோகும், மரம் கழலாது. எனவே, எறிவோர் துணிந்து எறிந்தனர். பறவைக்கூடுகளும் பெருகின.

அதே மிச்சிகனில் கலமசூ நகரிலே வில்லியம் ஷேக்ஸ்பியர் என்றொருவர் 1897இல் றீல் தொழிலைத் தொடங்கினார். நாடகாசிரியரின் பெயரைத் தாங்கியவர் என்பதன்றி வேறு தொடர்பில்லை. நூலைச் சமமாகப் பரப்பும் பொறியை வழக்கிற்குக் கொண்டு வந்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஒரு தண்டிலே வலமும் இடமுமாக இரு புரிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். அப்புரியிற் பொருந்திய சிறு நாக்கு ஒரு கோடிவரை சென்று, தானே திரும்பி, மறுகோடிக்கு வரும். அதனோடு நூலும் இருபுறமும் நகரும். இதனால் இடக்கையின் வேலை நீங்கிற்று. சவுத் பென்ட் நகரத்துக் கொம்பனி ஒன்று பெருவிரலின் வேலையையும் நீக்க முனைந்தது. நூல் இறுகி ஓடும்போது ஒரு கம்பி மேலே உயர்ந்து நிற்கும். நூல் தளர்ந்த கணமே அது தாழ்ந்து உருளையைத் தடுக்கும். நல்ல சூழ்ச்சிதான். ஆனால், கைதேர்ந்தவர்கள் அதனை விரும்பவில்லை. தடுப்பு எதுவாயினும் தூரத்தைக் குறைக்கும் என்றனர். தாம் பட்ட பாட்டை அடுத்தவர் படாமற் கற்பது அவர்களுக்கு உவப்பாயிருக்கவில்லை என்றும் கருத இடமுண்டு.

இங்கே, கற்கும் முறையைச் சற்று விரித்துக் கூறல் பொருந்தும். பொறியின் உறுப்புகள் மாறினும், முறை அன்றுபோலவே இன்றும் உள்ளது. நல்லாசிரியர் எவரும் மாணவனை முதல் நாளில் நீர்க்கரைக்கு அழைத்துச் செல்லார். புல்வெளி போதும். முள்ளில்லாத அரை அவுன்ஸ் கட்டை ஒன்றை நூலிற் கட்டிக்கொள்ள வேண்டும். புதியவர் இலேசான இரையே எளிதென்று எண்ணுவர். அது தவறு, இலேசானது உருளையைச் சீராக இழுக்காது. கோலைக் கிடையாகப் பிடித்து, பக்கத்திலுள்ள திருகாணியைத் தளர்த்தினாற் கட்டை மெல்ல இறங்கவேண்டும். தரையைத் தொட்டதும் உருளை நின்றுவிடவேண்டும். அதுவே தொடக்க அளவு. தடுப்புள்ள றீலாயின் அதனை முழுவதும் கூட்டிவைத்தல் நன்று.

எறியும்போது றீலின் கைப்பிடி வானை நோக்குமாறு மணிக்கட்டைத் திருப்பிக்கொள்வது பழைய வழக்கம்; மணிக்கட்டு வளையும் வாகு அதுவேயாம். பெருவிரல் உருளையை அழுத்தியிருக்கக் கோல் பின்னே சென்று முன்னே வரும். கோல் கண்மட்டத்துக்குச் சற்று மேலே வருகையில் அழுத்தத்தைத் தளர்த்துதல் வேண்டும். முந்தித் தளர்த்தினால் இரை வானத்துக்கு ஏறும். பிந்தினாற் காலடியில் அறையும். தளர்த்திய பின்பும் விரலை முழுதும் எடுத்துவிடலாகாது. இறகாற் தடவுவதுபோல் நூலின்மேல் நிற்கவேண்டும். நூல் புடைத்து எழத் தொடங்கும்போது விரலின் தோலில் ஒரு மென்மையான தட்டுதல் தெரியும். அதனை உணர்ந்து அழுத்துதலே கல்வி முழுவதும். கட்டை நிலத்தைத் தொடும் கணத்தில் உருளையை அடியோடு நிறுத்திவிடவேண்டும்.

முதல் நாளில் 30 அடி எறிந்தாற் போதும். பலர் இங்கேதான் தவறுவர். தூரம் எறிய ஆசைப்பட்டு முழுப்பலத்தையும் கொடுப்பர். பலம் கொடுக்கக் கொடுக்க உருளை வெறிகொண்டு சுழலும். தூரம் பலத்தால் வருவதன்று, கோலின் வளைவால் வருவது என்பதை உடம்பு ஏற்றுக்கொள்ளச் சில வாரங்கள் செல்லும். ஏடு தொடக்கிய குழந்தை மணலில் அகரம் எழுதும்போது விரலுக்கும் தோளுக்கும் ஒரே பலத்தைக் கொடுக்கும், அஃதொத்தது இது. அனுபவமுடையோர் ஓர் உபாயம் சொல்வர்: தேவையான நீளத்துக்குமேற் சிறிது நூலை வெளியே இழுத்து, உருளையில் எஞ்சிய நூலின்மேல் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிவிட்டு, பின்னர் மீட்டுச் சுற்றுக. சிக்கு வந்தாலும் நாடாவுக்குக் கீழே செல்லாது. சிக்கு வந்துவிட்டாற் பதற்றம் ஆகாது. பெருவிரலால் உருளையை நன்றாக அழுத்தியபடி கைப்பிடியை இரண்டு மூன்று முறை திருப்பிவிட்டு நூலை மெல்ல இழுத்தால், பல கூடுகள் தாமே அவிழ்ந்துவிடும். எதிர்க்காற்றில் எறிவது கடைசிப் பாடம். காற்று இரையைத் திடீரெனத் தடுப்பதால், நாள்பட்டவர்க்கும் அப்போது கூடு உண்டாகும்.

இவ்வளவு பாடும் தேவைதானா என்று கேட்டவர்களும் மணிக்கூட்டோடும் நூலோடும் பழகியவர்களே. இங்கிலாந்தின் பிராட்போட் ஆலைத் தொழிலோடு தொடர்புடைய அல்பிரட் இல்லிங்வேத் என்பவர் 1905இல் வேறு வகையான றீல் ஒன்றுக்கு உரிமம் பெற்றார். ஆலையில் நூற்கட்டை சுழலாது. நூல் அதன் நுனி வழியே நழுவிச் செல்லும். அவர் றீலிலும் அவ்வாறே உருளை அசையாது நிற்க, நூல் மட்டும் வளையம் வளையமாகக் கழன்று பறந்தது. சுழலாத உருளை மிஞ்சிச் சுழல்வது எவ்வாறு? பறவைக்கூட்டின் வேரே அறுந்தது. 1938இல் அறிமுகமான நைலோனிலிருந்து, நம் கரையோரங்களிற் தங்கூசி எனப்படும் ஒற்றையிழை பின்னர் பரவியபோது, இவ்வகை றீலும் உலகெங்கும் பரவிற்று.

அமெரிக்காவில் இதனை எல்லோர் கையிலும் கொண்டு சேர்த்தவர் ஆர். டி. ஹல் என்னும் டெக்சாஸ் மாநிலத்து மணிக்கூட்டுக்காரர். பறவைக்கூட்டால் அலுத்துப்போனவர்களுள் அவரும் ஒருவர். கடையொன்றிற் பொதி கட்டுவோர் அசையாத பெரிய கட்டையிலிருந்து நூலை உருவியெடுத்ததைக் கண்டு அவருக்கு வழி பிறந்தது என்பர். தம் மாதிரியை அவர் எடுத்துச் சென்றது ஒக்லகோமாவின் துல்சா நகரிலிருந்த சீரோ அவர் பொம் கொம்பனி என்னும் நிறுவனத்துக்கு. எண்ணெய்க் கிணறுகளில் வெடிக்கும் நேரக்குண்டுகளைச் செய்த நிறுவனம் அது! 1949இல் முதல் றீல்கள் வெளிவந்தன. நிறுவனத்தின் பெயரெழுத்துக்களைக் கூட்டிச் செப்கோ என்று பெயர் அமைந்தது. உருளை ஒரு மூடிக்குள் மறைந்திருக்கும். பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்துக, வீசுக, விடுக. பத்து வயதுச் சிறுமியும் கால் மணி நேரத்திற் கற்றுவிடலாம். கெண்டக்கியில் ஒரு மணிக்கூட்டுக்காரர் தொடக்கிவைத்த கல்வியை, டெக்சாஸின் மணிக்கூட்டுக்காரர் ஒருவர் வேண்டாததாக்கிவிட்டார்.

இதனைக் கலையின் வீழ்ச்சி எனப் பழைய தூண்டிற்காரர் சிலர் பழித்தனர். அவர் கூற்று முற்றிலும் நியாயமானதன்று. ஆற்றங்கரைக்கே வராதிருந்த இலட்சக்கணக்கானோரை, சிறப்பாகப் பிள்ளைகளை, அங்கே கொண்டுவந்து நிறுத்தியது ஹல்லின் பொத்தான். நீதவானுக்குக் கிடைத்த இன்பம் கூலித் தொழிலாளியின் மகனுக்கும் கிடைத்தது. முன்னரும் எளியவர் பாஸ் பிடிக்காமலில்லை. 1932 யூன் 2ஆந் திகதி ஜோர்ஜியா மாநிலத்து மொன்ட்கொமரி ஏரியில் ஜோர்ஜ் பெரி என்ற இளம் கமக்காரர் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் நிறையுள்ள பெருவாய்ப் பாஸைப் பிடித்தார். பொருளாதார மந்தக் காலம் அது. அவரும் நண்பரும் ஒரே கோலை மாறி மாறிப் பயன்படுத்தினர் என்பர். உலகில் அதுவரை பிடிபட்டவற்றுட் பெரிதெனப் பதிவான அம்மீனை வீட்டார் சமைத்து உண்டனர்.

இத்தனைக்கும் பின்னர் இரைவீச்சு றீல் நூதனசாலைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதைக் காத்ததும் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையே. சுவீடனின் ஸ்வாங்ஸ்டா என்னும் ஊரில் 1921இல் மணிக்கூடு செய்யத் தொடங்கிய நிறுவனம் அபு. பின்னர் வாடகைக் கார்களின் கட்டணமானிகளைச் செய்தது. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாட்டால் வாடகைக் கார்கள் முடங்க, கட்டணமானியை வாங்குவார் இல்லாது போயிற்று. தொழிலாளரின் கைத்திறன் வீணாகாதிருக்க நிறுவனம் மீன்பிடி றீலுக்குத் திரும்பியது. 1950களின் முற்பகுதியில் அது வெளியிட்ட செந்நிற அம்பாசடர் 5000, கெண்டக்கியாரின் பொறியை மறுபிறவி எடுக்கச் செய்தது. ஒரு பொத்தானை அழுத்தினாற் பற்சில்லுகள் பிரிந்துவிடும். உருளை மட்டும் தனியே சுழலும். கைப்பிடி அசையாது நிற்கும். உருளையின் உள்ளே சிறு கட்டைகள் இரண்டு உண்டு. வேகம் மிகும்போது அவை மையநீக்க விசையால் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உராயும். வேகம் குறைய உராய்வும் குறையும். பெருவிரலின் வேலையிற் பாதியை அவை ஏற்றுக்கொண்டன.

வாங்குவோரும் ஆயத்தமாயிருந்தனர். 1933இல் அமைந்த டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையும் பிற அமைப்புகளும் தென் மாநிலங்களிற் கட்டிய அணைகள், காடுகளை மூழ்கடித்துப் பெரும் நீர்த்தேக்கங்களை உண்டாக்கின. நீருள் நின்ற மரங்கள் பாஸின் மாளிகைகளாயின. அம்மரங்களுக்கிடையிலிருந்து பெருமீனை இழுத்தெடுக்கத் தடித்த நூலும் வலிய பற்சில்லும் வேண்டும்; மூடியிட்ட றீல் அதற்கு ஆற்றாது. 1967 யூன் மாதம் அலபாமாவின் காப்புறுதி முகவர் றே ஸ்கொட் என்பவர் ஆர்கன்சோ மாநிலத்துப் பீவர் ஏரியில் 106 பேரைக் கூட்டிப் போட்டி நடத்தினார். மறு ஆண்டு சங்கம் ஒன்றையும் நிறுவினார். பிடித்த மீனை உயிரோடு நீரில் விடும் வழக்கத்தை 1972 முதல் அப்போட்டிகள் பரப்பின. போட்டியாளர் கையில் இரைவீச்சு றீலைக் கண்ட பொதுமக்கள், பாட்டனார் கைவிட்ட கருவியை மீண்டும் கற்க முன்வந்தனர். செப்கோவிற் தொடங்கிய பிள்ளை, வளர்ந்ததும் இதற்கு மாறுவது ஒரு சடங்குபோலாயிற்று.

பின்னைய அத்தியாயம் யப்பானுக்குரியது. 1925இல் அங்குள்ள அஷி ஏரியில் விடப்பட்ட பாஸ், நாளடைவில் நாடெங்கும் பரவி நாட்டு மீன்களுக்கு ஊறு விளைத்தது. 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டம், உயிருள்ள பாஸைக் கொண்டு செல்வதையும் வேறு நீரில் விடுவதையும் தடைசெய்தது. எனினும், 2009 யூலை 2ஆந் திகதி பிவா ஏரியில் மனபு குரித்தா என்பவர் பிடித்த மீன், பெரியின் மீனுடைய நிறையை ஓர் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவான வேற்றுமையால் விஞ்சியது. அவ்வேற்றுமை போதியதன்று என்னும் விதிப்படி இருவரும் சமன் என்றே பதிவாயிற்று. றீல் தொழிலிலோ யப்பானியர் அமெரிக்கரை விஞ்சினர். 1980களிற் காந்தத் தடுப்பு வந்தது. சுழலும் உலோகத்தருகே காந்தம் நிற்க, உலோகத்துள் சுழியோட்டம் பிறந்து, தொடாமலே சுழற்சியைத் தணிக்கும். துவிச்சக்கர வண்டியின் பற்சில்லுகளைச் செய்து 1921இல் தொழில் தொடங்கிய ஷிமானோ நிறுவனம், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே நுண்கணினி ஒன்றையே றீலுக்குள் வைத்துவிட்டது. அதற்கு மின்கலமும் வேண்டா. உருளை சுழலும்போது பிறக்கும் மின்னே போதும். வினாடிக்கு ஆயிரம் முறை உருளையின் வேகத்தை அளந்து, வேண்டிய அளவுக்கு அது தடுக்கிறது. எறியும்போது மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்கும்.

எதிர்க்காற்றிற்கூட இப்போது புதியவர் எறிகின்றனர். கூடு அரிதாகவே உண்டாகிறது. ஆனால் கணினி அளப்பது உருளையின் வேகத்தை மட்டுமே. சாய்ந்த மரக்கொம்பு எங்கேயிருக்கிறது என்பதும், இரை நீரைத் தொட்ட கணம் எது என்பதும் அதற்குத் தெரியா. கொம்புக்கு ஒரு முழம் முன்னே இரையை இறக்கவும், நீரைத் தொட்டதும் உருளையை நிறுத்தவும் வேண்டியபோது, அந்த றீலின்மீதும் தூண்டிற்காரன் தன் பெருவிரலையே வைக்கிறான்.